மேற்பூச்சும் நிலையாமையும்: குந்தா அணைகளை முன்வைத்து

அழியக்கூடியது என்று தெளிவாக அறிந்த ஒரு பொருளை அழியாமல் காக்க முற்படுவது அறியாமையா, அறமா என்னும் வினா, தமிழ்ச் சமய மரபுகளில் பெரும்பாலும் உடலை முன்வைத்தே எழுப்பப்பட்டு வந்துள்ளது. உடலைப் பேணுவோர் நிலையற்றதை நிலையென மயங்குகின்றனர் என்று ஒரு சாராரும், வீடுபேற்றுக்குத் துணையாகக் கிடைத்த ஒன்றைப் பேணாது விடுவது பேதைமை என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். இவ்வினாவை உடலிலிருந்து கட்டுமானத்துக்கு மாற்றினால் அதன் கூர்மை குறைவதில்லை, கூடுகிறது என்றே சொல்லவேண்டும். உடல் ஒருவருடையது, அதன் அழிவால் முதலில் வருந்துவோர் அவரும் அவருடைய சுற்றத்தாருமே. ஓர் அணையோ, அதைக் கட்டியவர்கள் மறைந்த பின்னும், அதை ஒருமுறைகூடப் பார்த்திராத சமவெளி மக்களின் உயிரையும் குடிநீரையும் தாங்கி நிற்பது. கான்கிரீட்டின் மேற்பரப்பைக் காக்கும் பூச்சுகளைப் பற்றிய பொறியியல் அறிவு அந்தப் பழைய வினாவுக்கு முடிந்த விடை தருவதில்லை. ஆயினும் எந்தெந்த விடைகள் பொருந்தாதவை என்பதை அது போதிய தெளிவுடன் காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நீலகிரியின் தென்மேற்கில், மஞ்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட குந்தா வட்டமும் அதைச் சூழ்ந்த மலைகளும் இவ்விசாரணைக்குப் பொருத்தமான இடம். படகர் சமூகத்தின் நான்கு சீமைகளுள் ஒன்றாகப் பழைய காலம் முதல் அறியப்பட்ட இந்நிலப்பகுதி, கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு 1950களில் தொடங்கப்பட்ட குந்தா நீர்மின் திட்டத்தால் அணைகளும் சுரங்கங்களும் நிறைந்த பகுதியாக மாறியது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து முதலிய நீர்த்தேக்கங்களில் சேரும் மழைநீர், 1960ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய முதல் மின்நிலையத்தின் வழியே குந்தா பாலம் அணைக்கு வந்து, அங்கிருந்து கெத்தை, பரளி, பில்லூர் என ஒவ்வொரு படியாக இறங்கி, ஒரே நீர் பலமுறை மின்சாரம் தந்தபின் பவானியாற்றில் கலக்கிறது. பின்னர்ச் சேர்ந்த பார்சன்ஸ் வேலி நிலையத்தையும் கூட்டினால் ஆறு மின்நிலையங்களின் நிறுவுதிறன் 585 மெகாவாட். பில்லூரில் தேங்கும் நீர் கோயம்புத்தூருக்குக் குடிநீராகவும் செல்கிறது. ஆகவே குந்தாவின் ஒரு சுவரில் நிகழும் சிதைவு குந்தாவோடு நின்றுவிடும் செய்தியன்று.

கான்கிரீட்டைக் கல்லுக்கு நிகராக, கட்டியபின் கவலையற்று விட்டுவிடத்தக்க பொருளாகக் கருதும் வழக்கம் பரவலானது. உண்மையில் அது தன்னைச் சூழ்ந்துள்ள காற்றோடும் நீரோடும் இடையறாது வினைபுரிந்துகொண்டிருக்கும் பொருள். சிமெண்டு நீரோடு சேர்ந்து இறுகும்போது உண்டாகும் பொருள்களுள் ஒன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. இது நீரில் சிறிதளவே கரையும். ஒரு லிட்டரில் ஏறத்தாழ ஒன்றரை கிராம். பெரும்பாலான உப்புகளுக்கு மாறாக, நீர் குளிரக் குளிர இதன் கரைதிறன் சற்றுக் கூடும் என்பது மலைநாட்டுக் கட்டுமானங்களுக்கு உகந்த செய்தியன்று. நீலகிரியின் பாறை பெரிதும் சார்னகைட் என்னும் கடினப் பாறை. அது நீருக்குச் சுண்ணாம்பை எளிதில் தருவதில்லை. புல்வெளிகளின் இடையே உள்ள சதுப்புகளில் மட்கிய தாவரப் படிவங்களின் வழியே வரும் நீர் மெல்லிய அமிலத்தன்மையையும் ஏற்கிறது. இப்படி உப்புக் குறைந்த, தூய, குளிர்ந்த மலைநீர் கான்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் புகும்போது, தன்னிடம் இல்லாத சுண்ணாம்பைக் கட்டுமானத்திடமிருந்து கவர்ந்துகொண்டு வெளியேறுகிறது. அணையின் உள்ளே ஆய்வுக்காக விடப்பட்டுள்ள சுரங்க வழிகளின் கூரையில் வெண்ணிறத் தொங்கலாகவும், வெளிச்சுவரில் வெள்ளை பூத்த கோடாகவும் காணப்படுவது இவ்வாறு கரைந்து வந்து காற்றுப்பட்டுப் படிந்த சுண்ணாம்பே. பக்தர்கள் அருந்தத் தகுந்தது என்று எண்ணும் அளவுக்குத் தூய்மையான நீர்தான் கட்டுமானத்துக்குக் கேடு செய்கிறது என்பது, தூய்மை எங்கும் எப்போதும் நன்மையே என்று எளிதாக நம்பும் சமயச் சிந்தனைக்குச் சற்றுச் சங்கடமான உண்மை.

மழையின் அளவையும் இங்கே கருதவேண்டும். 2019 ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. சென்னை நகரம் ஆண்டு முழுவதும் பெறும் மழையில் அது பாதிக்கு மேல். மார்கழி, தை மாத இரவுகளில் இதே பகுதியில் உறைபனி விழுகிறது. நீரில் ஊறிய மேற்பரப்பு உறைந்து உருகும்போது ஏற்படும் உதிர்வு இமயமலையில் நிகழ்வதைப் போன்று கடுமையானதன்று. ஆயினும் பாசியும் கற்பாசியும் வேர்பிடிக்கும் அளவுக்கு மேற்புறத்தைச் சொரசொரப்பாக்க அது போதும்.

இரும்புக் கம்பி பொதிந்த கட்டுமானங்களில் சிதைவு வேறு வழியில் வருகிறது. மின்நிலையக் கட்டடங்கள், பாலங்கள், கோபுர அடித்தளங்கள் ஆகியவை இவ்வகையின. அணைகளின் பெரும்பகுதி தன் எடையாலேயே நிற்பதால் அவற்றில் கம்பிக்கு முதன்மையில்லை. கான்கிரீட்டின் உள்ளே நிலவும் கடுங்காரச் சூழலில், கம்பியின் மேல் மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் சில பங்கே தடிப்புள்ள ஓர் ஆக்சைடு படலம் தானாகவே உருவாகித் துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நுண்துளைகள் வழியே மெல்ல உட்புகுந்து சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றும்போது காரத்தன்மை குறைகிறது. கார்பனேற்றம் என்று வழங்கும் இம்மாற்றம் கம்பியை எட்டியதும் அப்படலம் கரைகிறது, துரு தொடங்குகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைப் போல இருமடங்குக்கு மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. கம்பியின் மேல் எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கவேண்டும் என்று இந்தியத் தர நெறி 456 சூழலின் கடுமைக்கேற்ப வகுத்துள்ளது: இலேசான சூழலுக்கு 20, கடுமையான சூழலுக்கு 45, மிகக் கொடிய சூழலுக்கு 75. ஆக, பூச்சு என்பது கட்டுமானத்துக்கு வெளியிலிருந்து ஒட்டவைக்கப்படும் புதுமையன்று. இரும்புக்குப் படலம் காப்பு, படலத்துக்குக் கான்கிரீட் காப்பு, கான்கிரீட்டுக்கு மேற்பூச்சு காப்பு எனப் பொருள் முழுவதுமே ஒன்றையொன்று காக்கும் உறைகளின் அடுக்காக இருக்கிறது. தைத்திரீய உபநிடதம் அன்னமயம் தொடங்கி ஆனந்தமயம் ஈறாக ஐந்து கோசங்களைச் சொல்லும்போது, ஒவ்வோர் உறையையும் பொய்யென்று தள்ளிவிடாமல், அதனதன் அளவில் பிரமம் என்றே முதலில் ஏற்கச்செய்து பின்னரே அடுத்ததற்கு அழைத்துச் செல்கிறது என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

மேற்பரப்புக் காப்பு முறைகளை ஐரோப்பியத் தரநெறி 1504 மூன்றாகப் பகுக்கிறது. முதலாவது நீர்விலக்கு ஊட்டம்: சிலேன், சிலாக்சேன் என்னும் சிலிக்கான் சேர்மங்கள் மிகச் சிறிய மூலக்கூறுகளாக நுண்துளைகளுக்குள் சில மில்லிமீட்டர் ஊறிச் சென்று, துளைச்சுவரோடு வேதிப்பிணைப்புற்று, அச்சுவரை நீர் ஒட்டாததாக மாற்றுகின்றன, துளை அடைபடுவதில்லை, ஆகவே நீர் உட்புகாது, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறும். இரண்டாவது, துளைகளைப் பகுதியாகவோ முழுதாகவோ நிரப்பி மேற்பரப்பை இறுகச்செய்யும் ஊட்டம். மூன்றாவது, எபாக்சி, அக்ரிலிக் முதலியவற்றால் மேலே தொடர்ச்சியான படலமாக அமையும் பூச்சு. இவற்றுள் எதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. சிலேன் ஊட்டம் மழைத்துளியை விலக்கும், ஆனால் நீர்த்தேக்கத்தின் அழுத்தத்தைத் தாங்காது. ஆதலால் அணையின் நீர்முகப்புக்கு அது பயனற்றது. எபாக்சிப் படலம் நீரை நன்கு தடுக்கும். ஆனால் பின்புறத்திலிருந்து ஈரம் வந்துகொண்டிருக்கும் சுவரில் அதைப் பூசினால், வெளியேற வழியின்றித் தேங்கும் ஈரம் படலத்தைக் கொப்புளமாக எழுப்பி உரித்துவிடும், சில வேளை கான்கிரீட்டின் தோலையும் சேர்த்தே உரிக்கும்.

இனி மெய்யியலுக்கு வரலாம். நிலையாமையைத் தமிழ் அறநூல்கள் வலியுறுத்திய அளவுக்கு வேறெதையும் வலியுறுத்தினவா என்பது ஐயமே. திருக்குறள் அதற்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியது. நாலடியார் செல்வம், இளமை, யாக்கை என மூன்றின் நிலையாமையோடுதான் தொடங்குகிறது. ஆனால் இந்நூல்களின் அறிவுரை, நிலையாததைக் கைவிடுக என்பதைவிட, அது நிலைக்கும் காலத்துக்குள் அதைக்கொண்டு செய்யவேண்டியதைச் செய்க என்பதாகவே பெரும்பாலும் அமைகிறது. செல்வம் போய்விடும், ஆகவே கொடு. உடல் விழுந்துவிடும், ஆகவே இன்றே அறம் செய் என்னும் தருக்கத்தில் அழிவு அவசரத்துக்குக் காரணமாகிறதே ஒழிய அலட்சியத்துக்குக் காரணமாவதில்லை. திருமூலரிடம் இது இன்னும் வெளிப்படையாகிறது. திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில் யாக்கை நிலையாமையை ஈவிரக்கமின்றிப் பாடும் அவரே, மூன்றாம் தந்திரத்தின் காயசித்தி உபாயம் என்னும் பகுதியில், முன்பு இழிவென்று எண்ணிய உடம்பினுள் உறுபொருளைக் கண்டபின் அதனைப் பேணத் தொடங்கியதாகக் கூறுகிறார். இவ்விரு பகுதிகளையும் முரண்பாடென்று கொள்ளும் உரை மேம்போக்கானது. அழியும் என்று அறியாதவர் எதையும் பேணமாட்டார். கட்டி முடித்ததும் கான்கிரீட் கல்லாகிவிட்டது என்று எண்ணும் பொறுப்பாளர் பூச்சுக்குப் பணம் ஒதுக்கமாட்டார்.

பேணுதலுக்கு எதிரான வலுவான வாதம் பௌத்தத்திலிருந்து வரக்கூடும். கணபங்கம் எனப்படும் கொள்கையின்படி ஒவ்வொரு பொருளும் கணந்தோறும் தோன்றிக் கணந்தோறும் அழிகிறது. நேற்றைய அணை இன்றில்லை, இன்றுள்ளது அதைப் போன்ற வேறொன்று. அப்படியாயின் எதைக் காப்பது? சமணக் காப்பியமாகிய நீலகேசி இக்கொள்கையை மறுக்கும்போது எழுப்பும் வினாக்களுள் முதன்மையானது, செய்தவன் ஒருவனும் பயனை அனுபவிப்பவன் வேறொருவனுமாகிவிட்டால் வினைக்குப் பொறுப்பேற்பது யார் என்பது. உள்ள பொருள் எதுவும் தோன்றுதல், அழிதல், நிலைத்தல் ஆகிய மூன்றையும் ஒருங்கே உடையது என்று உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் கூறும் சமணக் கொள்கையே கான்கிரீட்டுக்கு அதிகம் பொருந்துகிறது: சுண்ணாம்பு கரைகிறது, கார்பனேட்டு படிகிறது, சுவர் நிற்கிறது. எனினும் பௌத்தரின் மறுமொழியைப் புறந்தள்ள வேண்டியதில்லை. கணந்தோறும் மாறினும் காரண காரியத் தொடர்ச்சி, அதாவது சந்தானம், அறுபடாமையே வினைக்குப் பொறுப்பாகும் என்று அவர்கள் கூறினர். பொறியியல் நடைமுறையில் இதுவும் மெய்யே. 1960இல் பொறுப்பிலிருந்தோர் எவரும் இன்று பொறுப்பிலில்லை. அன்றைய மின்வாரியத்தின் பெயரும் அமைப்பும் மாறியுள்ளன. ஆயினும் அன்று கலந்த சிமெண்டின் பயனை இன்றைய மக்கள் அனுபவிக்கின்றனர். பொருள் ஒன்றாகவே நிலைக்கிறதா என்னும் வாதத்தில் இரு தரப்பும் எங்கே நின்றாலும், பொறுப்பின் தொடர்ச்சி அறுபடலாகாது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

இதே மலைகளில் முற்றிலும் வேறான ஒரு வழியும் உண்டு. தோதவர் பழங்குடியினரின் பால்மடக் கோயில்கள் மூங்கிலாலும் பிரம்பாலும் சதுப்புப் புல்லாலும் ஆனவை. புல் மட்கியதும் சமூகம் கூடி, விதிப்படி கொண்டுவந்த புல்லைக்கொண்டு மீண்டும் வேயும். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் இச்சமூகத்தின் சமயவாழ்வு விரிவாகப் பதிவாகியுள்ளது. ஜப்பானின் இசே கோயில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகக் கட்டப்படுகிறது. அண்மையில் 2013இல் அது நிகழ்ந்தது. இவ்விடங்களில் காக்கப்படுவது பொருளன்று, பொருளைச் செய்யும் அறிவும் கடமையும். இம்முறை மேற்பூச்சு முறையைவிட உயர்ந்தது என்று சொல்லும் ஆர்வம் எழுவது இயல்பு. ஆனால் அணையை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துக் கட்ட இயலாது. பள்ளத்தாக்கை நிரப்பிய பின் அது திரும்பப் பெறமுடியாத முடிவு. திரும்பப் பெறமுடியாத ஒன்றைச் செய்தவர்க்கு, புதிதாக வேயும் எளிமை மறுக்கப்படுகிறது. மெல்லிய தோலை மட்டும் காலமுறைப்படி புதுப்பிக்கும் கடமையே எஞ்சுகிறது.

அத்தோல் உண்மையை மறைக்கிறதா, காக்கிறதா என்பதே அடுத்த வினா. இதற்குச் சைவ சித்தாந்தம் தரும் கருவி மிகக் கூரியது. உயிரை மறைக்கும் மலங்களைப் பேசும் அச்சாத்திரம் எல்லா மறைப்பையும் ஒன்றாகக் கொள்வதில்லை. ஆணவம் என்பது செம்பில் களிம்புபோல் உயிரோடு தொன்றுதொட்டே ஒட்டியிருந்து அதன் அறிவை மறைப்பது. மாயையிலிருந்து தோன்றும் உடல், கருவி, உலகம், நுகர்ச்சி ஆகியவையும் உயிரைச் சூழும் உறைகளே. ஆனால் அவை இருளில் விடியும்வரை உதவும் விளக்கைப்போல் உயிருக்குத் துணையாக இறைவனால் கூட்டப்பட்டவை. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் இயற்றிய திருவருட்பயன் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: புறத்திருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதைக் காட்டிவிடும்; ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்று அது வேறுபடுத்துகிறது. மறைப்பின் கொடுமை மறைப்பதில் இல்லை, மறைக்கப்பட்டிருக்கிறது என்னும் செய்தியையும் சேர்த்து மறைப்பதில் இருக்கிறது என்பது இதன் கருத்து. (களிம்பு பற்றிய உவமைக்கு நவீன வேதியியல் ஒரு குறுக்கு வினாவை எழுப்பும்: வெளிக்காற்றில் செம்பின்மேல் படியும் பச்சைப் படலம் பல சூழல்களில் அடியிலுள்ள செம்பைக் காக்கவே செய்கிறது. சித்தாந்திகள் இதை அறிந்திருந்தால் உவமையை மாற்றியிருப்பார்களா என்பதை விவாதிக்கலாம்; கொள்கையை அது தொடுவதில்லை.)

இவ்வளவுகோலைப் பூச்சுகளின்மேல் வைத்தால் அவை வேறு முறையில் அணிவகுக்கின்றன. விரிசலை ஆராயாமல், காரணத்தை அறியாமல், வெள்ளை பூத்த சுவரின்மேல் தடித்த வண்ணம் அடித்துவிடுவது ஆணவத்தின் இயல்புடைய மறைப்பு: சுவர் நலமாக இருப்பதாகத் தோன்றும், தோற்றத்தை ஐயுறக் காரணமும் தோன்றாது. சிலேன் ஊட்டம் இதற்கு நேர்மாறானது. அது கண்ணுக்குப் புலனாகாது, ஆனால் சுவரிலுள்ள எந்தக் குறையையும் மறைப்பதில்லை. விரிசல் விரிசலாகவே தெரியும். தன்னை மறைத்துப் பொருளைக் காட்டும் இக்காப்பு சித்தாந்திகள் வகுத்த இரண்டிலும் அடங்குவதில்லை எனலாம். ஆனால் அதற்குரிய இடர் ஒன்றும் உண்டு. கண்ணால் பார்த்து அது இன்னும் வேலை செய்கிறதா என்று அறியமுடியாது. சுவரில் நீர் தெளித்து அது முத்தாகத் திரள்கிறதா, பரவி ஊறுகிறதா என்று சோதித்தே அறியவேண்டும், எந்த ஆண்டில் பூசப்பட்டது என்னும் பதிவேடும் வேண்டும். பதிவேடு தொலைந்தால் பூச்சும் தொலைந்ததற்குச் சமம்.

தமிழ்நாட்டுக் கோயில் நடைமுறை இவ்வகையில் பொறியாளர் எண்ணுவதைவிட நுட்பமானது. திருவரங்கத்தில் மூலவர் திருமேனி சுதையால், அதாவது சுண்ணாம்பு சார்ந்த சாந்தால் ஆனது. ஆகவே நீராட்டு உற்சவமூர்த்திக்கே செய்யப்படுகிறது, மூலவருக்குத் தைலக்காப்பு சாத்தப்படுகிறது. கருங்கல் திருமேனிக்கு உரியதைச் சுதைத் திருமேனிக்குச் செய்யாமை என்னும் இவ்விதியில் பொருளின் இயல்பறிந்து காப்பைத் தேரும் அறிவு அடங்கியுள்ளது. உருக்கொடுத்த சுண்ணாம்பை நீர் கரைக்கும் என்பதை அணைகளுக்கு முன்பே கோயில் அறிந்திருந்தது. கல் திருமேனிக்கும் பீடத்துக்கும் இடையிலான பொருத்தை அடைக்கும் அட்டபந்தனம், கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்து ஆக்கப்படுவது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது அது புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது வழக்கு. திருவொற்றியூரில் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசம் பூண்டிருந்து, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து காட்சி தருகிறார். அப்போது புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தப்படுகின்றன. உறையைக் காலந்தோறும் திறந்து உள்ளிருப்பதைக் காணும் கடமை இங்கே வழிபாட்டின் பகுதியாகவே ஆக்கப்பட்டுள்ளது. பக்தி நோக்கத்தை இதனால் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. ஒரு செயலுக்கு இரு பயன் இருத்தல் குற்றமாகாது.

அதே கோயில்களில் எதிர்மறைப் பாடமும் உண்டு. சுவர்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்புப் பூச்சையும் அகற்ற மணலை அழுத்தத்தோடு வீசும் முறை ஒரு காலத்தில் திருப்பணிகளில் பரவியபோது, கல்லின் மேற்தோலும் அதில் வெட்டப்பட்ட எழுத்துகளும் சேர்ந்தே தேய்ந்தன. பின்னர் அறநிலையத் துறை அம்முறைக்குத் தடை விதித்தது. பழுதைப் போக்குவதாகக் கருதிக் காப்பையே போக்கிய இச்செயல், மேற்பரப்பு வெறும் புறம் என்னும் எளிய மெய்யியலின் விளைவு. மாறாக, தஞ்சைப் பெரிய கோயிலின் சுற்றறையில் நாயக்கர் காலத்தார் தீட்டிய ஓவியப் பூச்சின் அடியில் சோழர் ஓவியம் மறைந்திருந்ததை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மறைத்த பூச்சே காத்ததற்கு இது சான்று என்று வாதிடலாம். ஆயினும் அது நோக்கிச் செய்த காப்பன்று. தற்செயலை நெறியாகக் கொள்ள முடியாது.

பொறியியலில் உண்மையைத் திறந்து காணும் முறை எளியது. சுவரிலிருந்து புதிதாக உடைத்தெடுத்த பரப்பில் ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை எஞ்சியுள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், கார்பனேற்றம் அடைந்த பகுதி நிறமற்றே இருக்கும். இவ்வெல்லை கம்பியை நெருங்கிவிட்டதாயின் மேற்பூச்சுக்கு அங்கே இடமில்லை. பழுதான கான்கிரீட்டை வெட்டியெடுத்துக் கம்பியைத் துலக்கி மறுபடி கட்டவேண்டும், பின்னரே பூச்சு. இவ்வரிசையை மாற்றிப் பூசி மெழுகுவது பணத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். துரு பூச்சின் அடியில் தொடர்ந்து வேலை செய்யும். உட்பொருளை அறியாமல் புறத்தைக் காக்க முடியாது என்பது சமயச் சொற்பொழிவுகளில் அடிக்கடி கேட்கப்படும் கருத்தாயினும், அது நிறமாற்றத்தில் கண்முன்னே தெரியும் இடங்கள் மிகச் சிலவே.

நீர் முற்றிலும் புகாத உறைகூட இந்நெறிக்கு விலக்கன்று என்பதை ஆனைமலைப் பகுதியிலுள்ள கடம்பாறை அணை காட்டுகிறது. நீரைக் கீழிருந்து மேலே ஏற்றிச் சேமித்து மின்சாரம் எடுக்கும் அந்நிலையத்தின் மேலணையில் கசிவு மிகுந்து, நிமிடத்துக்குப் பல்லாயிரம் லிட்டர் என்னும் நிலை ஏற்பட்டபோது, 2005ஆம் ஆண்டை ஒட்டி அதன் நீர்முகப்பு முழுவதும் பிவிசி விரிப்பால் போர்த்தப்பட்டது. கசிவு மிகப் பெருமளவு குறைந்தது. அவ்விரிப்பு சுவரோடு ஒட்டப்படவில்லை என்பது கவனத்துக்குரியது. விரிப்புக்கும் சுவருக்கும் இடையே வடிகால் அடுக்கு ஒன்று விடப்பட்டு, எப்படியோ புகும் நீரும் அணையின் உடலில் ஏற்கெனவே ஊறியிருந்த நீரும் வெளியேறி, அளந்து பார்க்கவும் தக்கதாக வழி செய்யப்பட்டது. எவ்வளவு வலிய உறைக்கும் உள்ளிருப்பது வெளியேற ஒரு வாயில் தேவை. துறவு நெறிகள் புலன்களை அடைத்தலைப் பற்றிப் பேசும்போது இந்த வாயிலை மறந்துவிட்ட இடங்கள் உண்டு. அடைத்தலோடு விடுத்தலையும் சேர்த்துச் சொன்ன நூல்களே காலத்தில் பயன்பட்டன.

இதுவரை கூறியவற்றால், மேற்பரப்பைக் காத்தல் நிலையாமையை மறுக்கும் செயலன்று, அதை ஒப்புக்கொண்டு அதன் கால அளவுக்குள் நடக்கும் செயல் என்பது பெறப்படும். ஒரு நல்ல பூச்சு பத்து, பதினைந்து ஆண்டுகளில் தன் வலுவை இழக்கும். அதை ஒருமுறை செய்துமுடிக்கும் வேலையாகக் கருதுவோரே உண்மையில் நிலைபேற்று மயக்கத்தில் இருப்பவர்கள். இங்கே சமயத்தினின்று கற்கவேண்டியது கொள்கையைவிட ஏற்பாடே. கோயிலைக் கட்டியபோதே அதன் பழுதுபார்ப்புக்கென்று புதுக்குப்புறம் என்னும் நில வருவாயைத் தனியே ஒதுக்கிவைத்த செய்தி கல்வெட்டுகளில் உண்டு. ஏரிகளைப் பேண ஏரிப்பட்டி நிலங்கள் விடப்பட்டன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை, ஏரி வாரியத்துக்கு ஆண்டுதோறும் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்ததையும், முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தகுதி பெறார் என்பதையும் விதிக்கின்றன. கட்டியவர் புகழைவிடப் பேணுபவர் கணக்கு முக்கியமென்று கருதிய சமூகம் அது. பிற்காலம் இவ்வரிசையைத் தலைகீழாக்கியது: அணை திறப்புக்குக் கல்வெட்டு உண்டு, பூச்சுப் புதுப்பித்தலுக்குக் கல்வெட்டு இல்லை.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் இக்குறையைப் பகுதியாகச் சரிசெய்கிறது. பேரணைகளின் உரிமையாளர் பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் போதிய நிதியைத் தனியே ஒதுக்கவேண்டும் என்றும், ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு நடத்தவேண்டும் என்றும் அது விதிக்கிறது. குந்தா திட்டத்தின் பெரிய அணைகள் அனைத்தும் அதன் வரம்புக்குள் வருவன. நிதியும் ஆய்வும் இருந்தாலும் பூச்சுப் பணிக்குக் காலம் குறுகியதே. தென்மேற்குப் பருவமழை சூனில் தொடங்கி, அது ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், அதன்பின் உறைபனி. பெரும்பாலான பூச்சுகளுக்கு உலர்ந்த பரப்பும் மிதமான வெப்பமும் வேண்டும். நீர்முகப்பைத் தொடவோ, மின்னுற்பத்தியால் நீர்மட்டம் இறங்கும் கோடைவரை காத்திருக்கவேண்டும். ஆகவே குந்தாவில் இப்பணிக்கு உரியவை மாசி முதல் சித்திரை வரையிலான சில வாரங்களே. ஒப்பந்தமும் நிதி ஒப்புதலும் அதற்கு முந்தைய ஐப்பசிக்குள் முடிந்திருக்காவிடில் வேலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.